ஆற்றுப்படை இல்லாத கோடை

மடுகரை என்னும் ஊர்ப்பெயரைப் பிரித்துப் பார்த்தால் மடு, கரை என்று இரண்டு சொற்கள் கிடைக்கின்றன. மடு என்பது ஆற்றிலோ ஓடையிலோ நீர் ஆழ்ந்து நிற்கும் இடம். கரை என்பது அந்த ஆழத்திலிருந்து ஏறி வந்து நிற்கும் இடம். ஆபத்தையும் அதிலிருந்து மீளும் வழியையும் ஒரே மூச்சில் சொல்லும் பெயராக அது நம் காதில் விழுகிறது. புதுச்சேரியின் நெட்டப்பாக்கம் கொம்யூனில், விழுப்புரம் மாவட்டத்தை ஒட்டிக் கிடக்கும் ஊர் அது. சுற்றிலும் நெல்லும் கரும்பும் விளையும் சமவெளி. மலை என்று சுட்டிக்காட்ட ஒரு குன்றும் கிடையாது.

ஆயினும் சித்திரை பிறந்து கல்லூரிகளில் தேர்வு முடிந்துவிட்டால் இந்தப் பக்கத்து இளைஞர்கள் பேசுவது மலையையும் ஆற்றையும் பற்றித்தான். செஞ்சிக் கோட்டை ஏறலாம், சவ்வாது மலைக்குப் போகலாம், திரும்பும் வழியில் நீர் கண்ட இடத்தில் இறங்கிக் குளிக்கலாம். நண்பன் வீட்டு நாட்டு நாயையும் அழைத்துக்கொண்டால் இன்னும் நன்று. உலகெங்கும் இளையோரின் கோடைக் கனவு ஏறத்தாழ இதுவே. அக்கனவுக்கு வீட்டில் கிடைக்கும் மறுமொழியும் எங்கும் ஒன்றே: போகாதே.

போகாதே என்று சொல்வதற்குக் காரணங்கள் இருக்கின்றன. அவற்றைப் பின்னர் பார்ப்போம். ஆனால் தமிழ் படித்தவர்களாகிய நமக்கு முதலில் ஓர் ஐயம் எழவேண்டும். மலை, நாய், புனல் ஆகிய மூன்றையும் பற்றி இத்தனை விரிவாகப் பாடிய ஒரு மொழி, இவற்றின் முன்னால் இளையோருக்குச் சொல்ல வைத்திருப்பது ‘போகாதே’ என்ற ஒற்றைச் சொல்தானா?

குறிஞ்சிப்பாட்டை எடுத்துக்கொள்வோம். கபிலர் பாடிய 261 அடிகள். ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தப் பாடியது என்று பழங்குறிப்பு சொல்கிறது. நம் வகுப்பறைகளில் இந்தப் பாட்டு பெரும்பாலும் ஒரே வினாவாகச் சுருங்கிவிடுகிறது: இதில் எத்தனை மலர்கள் கூறப்படுகின்றன? விடை 99. மாணவர் எழுதுகிறார், மதிப்பெண் பெறுகிறார். அந்த 99 மலர்களையும் யார் பறித்தார்கள், பறிப்பதற்கு முன் என்ன செய்தார்கள், பறித்த பின் என்ன நேர்ந்தது என்பவை வினாத்தாளுக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

நடந்தது இதுதான். தினைப்புனம் காக்கப் போன பெண்கள், மலைமேல் பெய்த மழையால் பெருகி, வெண்துகில் போல் இறங்கும் அருவியில் ஆசை தீராமல் ஆடுகிறார்கள். சுனையில் குடைகிறார்கள். கூந்தலைப் பிழிந்து ஈரம் புலர்த்துகிறார்கள். கண்கள் உள்ளே சிவந்திருக்கின்றன. நெடுநேரம் நீரில் மூழ்கி எழுந்தவர் எவருக்கும் அந்தச் சிவப்பு தெரியும். அதன் பிறகே மலர் கொய்து பாறையில் குவிப்பதும், தழையுடை புனைந்து அசோகின் நிழலில் அமர்வதும். அப்போதுதான் நாய்கள் வருகின்றன. வேட்டைக்கு வந்தவனின் நாய்கள்: சினம் மிக்கவை, மூங்கில் முளை போன்ற பல்லும் கூரிய நகமும் உடையவை. அவை இமையாத கண்ணோடு வளைத்துக்கொள்ள, பெண்கள் நடுங்கி எழுகிறார்கள், கால் தளர்கிறது. வந்தவன் இன்சொல் பேசுகிறான். பூத்த கிளை ஒன்றை ஒடித்து ஓச்சி, இரைந்து நிற்கும் கூட்டத்தின் கடுங்குரலை அடக்குகிறான். பிறகு, இவர்களின் மறுமொழிக்காகக் காத்து நிற்கிறான்.

மலை, நீராடல், நாய் மூன்றும் ஒரே காட்சியில் அடுத்தடுத்து வருகின்றன. கபிலர் எதையும் மறைக்கவில்லை. அருவி இன்பமானது, நாய் அச்சம் தருவது, அடுத்து வரும் மதயானை அதைவிட அச்சம் தருவது. ஆயினும் அந்தப் பெண்கள் மலைக்குப் போயிருக்கக் கூடாது என்று பாட்டில் எவரும் சொல்லவில்லை. இவ்வளவையும் தோழி செவிலித்தாயிடம் எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்பது நினைவில் இருக்கட்டும். கண் சிவக்கும் வரை நீராடினோம் என்று ஒரு பெண் தாயின் இடத்தில் இருப்பவளிடம் சொல்லும் துணிவு அந்த உலகில் இருந்திருக்கிறது. அஞ்சத்தக்கவற்றுக்கு நடுவே எப்படி நடந்துகொள்வது என்பது அங்கே கற்கத்தக்க ஒன்றாக இருந்தது. வேட்டுவனின் தகுதி அவன் வில்லில் தொடங்கவில்லை. தன் நாயை அடக்கத் தெரிந்ததில் தொடங்குகிறது.

அந்தக் கல்விக்கு ஓர் இலக்கிய வகையே நம்மிடம் உண்டு. பத்துப்பாட்டில் சரிபாதி, ஐந்து பாட்டுகள், ஆற்றுப்படைகள். ஆறு என்ற சொல்லுக்குத் தமிழில் நதி என்றும் பொருள், வழி என்றும் பொருள். முன்னே போய் வந்தவன், இனிப் போகவேண்டியவனுக்கு வழி சொல்லிச் செலுத்துவது ஆற்றுப்படை. பொதுவாக அதனை வள்ளலின் புகழாகவே நாம் கற்பிக்கிறோம். பரிசில் பெறுவதற்கு முன் நடக்கவேண்டிய வழி எவ்வளவு நீளமானது, அதில் எத்தனை இடத்தில் உயிர் போகக்கூடும் என்பதைச் சொல்லும் பகுதிகளை விரைந்து கடந்துவிடுகிறோம்.

மலைபடுகடாம் இதற்குத் தலைசிறந்த சான்று. இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது, 583 அடிகள். கூத்தர் கூட்டம் ஒன்றைச் செங்கண்மாவில் இருக்கும் நன்னனிடம் அனுப்பி வைக்கும் பாட்டு. செங்கண்மா இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம். காட்டுப்பன்றிக்கு வைத்த பொறிகள் வழியில் இருக்கும், ஆகவே விடிந்த பின் நடங்கள். பாம்பு உறையும் இடம் உண்டு, பார்த்துக் கடங்கள். புனம் காப்போர் கவணில் எறியும் கல் விசையோடு வரும், மரத்தின் மறைவில் போங்கள் என்று அடுக்கிச் சொல்லிக்கொண்டே போகிறது. நடுவே, கான்யாற்றைக் கடக்கும் இடம் வருகிறது. முதலை ஒடுங்கிக் கிடக்கும், இரவு போல் இருண்ட, குமிழி சுழலும் ஆழ்ந்த கயங்கள். அகழியில் இறங்குவது போன்ற வழி. வழுக்கும் இடங்கள் உண்டு. வழுக்காமல் காத்து, பருத்த கொடி சுற்றிய பற்றுக்கோட்டைப் பிடித்து, உங்கள் சிறு பிள்ளைகளோடு ஒருவரை ஒருவர் பேணிக் கடந்து செல்லுங்கள் என்கிறார் புலவர். விழுந்தோரை மாய்த்துவிடும் கயத்தின் அருகே, பாசி மூடிய நிலம் காலைத் தளர்த்தும். அங்கே வழியோரத்துச் சிறுமூங்கிலையும் மெல்லிய கோரைத்தண்டையும் பற்றிக்கொண்டு போங்கள் என்றும் கூறுகிறார்.

இதைவிடத் துல்லியமான பாதுகாப்புக் குறிப்பை இன்றைய அரசுச் சுற்றறிக்கை எதிலும் நாம் காணவில்லை. எது ஆபத்து, அது எங்கே இருக்கிறது, அது எப்படித் தோன்றும், எதைப் பிடித்துக்கொள்வது, சிறுவர்களை என்ன செய்வது, தனியாகவா கூட்டமாகவா என்ற எல்லாவற்றுக்கும் விடை இருக்கிறது. இல்லாதது ஒன்றே: போகாதே என்ற சொல்.

இனி நம் காலத்துக்கு வருவோம்.

2022ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள், கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பம் அருகே குச்சிப்பாளையத்தில், கெடிலம் ஆற்றின் தடுப்பணைப் பகுதியில் குளிக்கப் போன சிறுமியரும் இளம்பெண்களுமாக ஏழு பேர் நீரில் மூழ்கி இறந்தனர். பாகூரிலிருந்து பார்த்தால் தென்பெண்ணைக்கு அக்கரையில், கூப்பிடு தொலைவு என்று சொல்லத்தக்க ஊர். ஆழத்தில் சிக்கியவர்களை மீட்கப் போனவர்களும் சேர்ந்தே மாண்டார்கள். ஒருவரை ஒருவர் பேணிக் கடங்கள் என்ற அறிவுரையின் முதற்பாதியை அவர்கள் உயிர் கொடுத்து நிறைவேற்றினார்கள். எப்படிப் பேணுவது என்ற மறுபாதியை அவர்களுக்கு எவரும் சொல்லித் தரவில்லை.

ஏழு பேரும் பெண்கள் என்பதை நாம் கடந்து போய்விடக் கூடாது. நம் கிராமங்களில் ஆண்பிள்ளை பெற்றோருக்குத் தெரியாமலாவது நீந்தக் கற்றுவிடுகிறான். அடிவாங்கிக்கொண்டே கற்கிறான். பெண்பிள்ளைக்கு அந்தத் திருட்டுக் கல்வியும் மறுக்கப்படுகிறது. போகாதே என்ற தடை அவளிடத்தில்தான் முழுமையாக வெற்றி பெறுகிறது. அந்த வெற்றியின் விலை, என்றோ ஒரு கோடைநாளில் முழங்கால் அளவென்று நம்பி அவள் நீரில் இறங்கும்போது தெரிகிறது. கண் சிவக்க நீராடிய குறிஞ்சிப் பெண்ணிலிருந்து குச்சிப்பாளையம் வரை வந்த வழியைத் தமிழ்ப் பண்பாட்டு வளர்ச்சி என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

முன்பு நீச்சல் எங்கே கற்பிக்கப்பட்டது என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். ஆற்றில் அன்று, கிணற்றில். கமலை இறைத்த பெரிய வயற்கிணறுகளில், இடுப்பில் தாம்புக்கயிற்றைக் கட்டியோ முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டியோ, மாமனோ சிற்றப்பனோ பிள்ளையை இறக்கிவிடுவார். கயிற்றின் மறுமுனை மேலே ஒரு கையில் இருக்கும். ஆழ்துளைக் கிணறுகள் வந்தன; நீர்மட்டம் இறங்கியது; திறந்த கிணறுகள் வற்றின, தூர்ந்தன. வேளாண்மையில் நேர்ந்த இந்த மாற்றத்தோடு ஊரின் நீச்சற்பள்ளியும் ஓசையின்றி மூடப்பட்டுவிட்டது. அதே காலத்தில் ஆற்றின் படுகையும் மாறியது. மணல் அள்ளிய பள்ளங்களில் கோடையிலும் நீர் தேங்கும். மேலே அசைவில்லாத நீர், அடியில் சேறு. இயல்பான ஆற்றங்கரை மெல்லச் சரிந்து இறங்கும். வெட்டிய பள்ளம் செங்குத்தாக இறங்கும். இரண்டாம் அடியில் முழங்கால், மூன்றாம் அடியில் தலை. நீச்சல் அறிந்த தலைமுறை போய், ஆழம் மறைந்த ஆறு வந்திருக்கிறது. இரண்டும் சேரும் இடத்தில்தான் செய்தித்தாளின் அந்தச் சிறு பெட்டிச் செய்தி உருவாகிறது.

நாயைப் பற்றியும் இதே இரட்டை நிலையைக் காணலாம். 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, தில்லிப் பகுதியின் தெருநாய்கள் அனைத்தையும் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க ஆணையிட்டது. பதினொரு நாள் கழித்து மூவர் அமர்வு அதனைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடவேண்டும் என்றது. வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் மட்டும் விலக்கு. நவம்பர் 7 அன்று கல்விக்கூடங்கள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள் முதலிய வளாகங்களிலிருந்து நாய்களை அகற்றவும், அங்கே திரும்ப விடாதிருக்கவும் ஆணை வந்தது. இந்த மூன்று மாதமும் நாட்டில் நடந்த விவாதத்தில் இரண்டு குரல்களே ஓங்கி ஒலித்தன. ஒன்று, எல்லா நாயையும் அப்புறப்படுத்து என்றது. மற்றொன்று, நாயைப் பற்றிக் குறை சொல்வதே கொடுமை என்றது.

நம் பழைய நூல்கள் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கின்றன. பெரும்பாணாற்றுப்படையில், எயினர் குடியிருப்பில் சங்கிலியால் பிணித்த நாய் காவல் காக்கிறது. அந்தணர் உறையும் பகுதியைப் பாடும்போது, அங்கே கோழியும் நாயும் நெருங்குவதில்லை என்று புலவர் குறிக்கிறார். அந்தப் பாகுபாட்டின் பின்னுள்ள சமூக ஏற்பாட்டை நாம் ஏற்கவேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு நாய்க்கும் ஓர் இடமும் அதற்குப் பொறுப்பான ஒரு கையும் இருந்தன என்ற செய்தி கருதத்தக்கது. மறுபுறம், நம் வில்லியனூர், பாகூர்ப் பக்கத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் கோடைதோறும் பாரதம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தருமன் கடைசியாக ஏறும் இமயமலைப் பயணத்தில் தம்பியரும் மனைவியும் ஒவ்வொருவராக வீழ்ந்த பின், உடன் வருவது ஒரு நாய் மட்டுமே. அதை விட்டுவிட்டு வா என்ற தேவர்கோனிடம், நம்பி வந்ததைக் கைவிட்டு வரும் சொர்க்கம் எனக்கு வேண்டாம் என்று தருமன் நிற்கிறான். வில்லிபுத்தூரார் பாரதம் போரோடு முடிந்துவிடுவதால் இந்தப் பகுதி அதில் இல்லை. ஆயினும் நாய் இல்லாத தருமனை நம் ஊர் மனம் எண்ணிப் பார்ப்பதில்லை.

கபிலரின் நாய் அடக்கப்படவேண்டியது. தருமனின் நாய் கைவிடப்படக் கூடாதது. இரண்டும் ஒரே விலங்குதான். அடக்கவும் கைவிடாதிருக்கவும் தெரிந்த மனிதன் ஒருவன் அருகில் இருக்கவேண்டும் என்பதுதான் இரு கதைகளும் சேர்ந்து சொல்வது. நாய் துரத்தினால் ஓடாமல் அசையாது நிற்கவேண்டும், கடித்துவிட்டால் சோப்பிட்டு ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவி உடனே தடுப்பூசிக்குச் செல்லவேண்டும் என்ற செய்தி நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? வெறிநோயின் குறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. தோன்றுமுன் தடுப்பது எளிது. இதைச் சொல்வதற்குக் காப்பகமும் வேண்டாம், கண்ணீரும் வேண்டாம்.

மலையின் கதை சற்று வேறு. அதில் நம்பிக்கைக்கும் இடம் இருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று, தேனி மாவட்டம் குரங்கணியில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். காய்ந்த புல், கோடைக் காற்று, செங்குத்துச் சரிவு. தீ எந்தப் பக்கம் ஏறும், எந்தப் பக்கம் ஒதுங்கவேண்டும் என்பது வந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அதன் பின் தமிழக மலைப்பாதைகளில் தடைகள் வந்தன. அதே ஆண்டில் மலையேற்றத்துக்கென விதிகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 வழித்தடங்களை முறையாகத் திறந்தது. மலையடிவார ஊர்களையும் பழங்குடிக் குடியிருப்புகளையும் சேர்ந்த இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக அமர்த்தியது. தீப்பருவத்தில் பாதைகள் மூடப்படுகின்றன; பருவம் கழிந்ததும் திறக்கப்படுகின்றன. குறைகள் இருக்கலாம். ஆனால் மரணத்திலிருந்து தடைக்கும், தடையிலிருந்து வழிகாட்டலுக்கும் அரசு ஒன்று நகர்ந்து வந்திருக்கிறது. பெருங்கௌசிகனார் கேட்டால் மகிழ்ந்திருப்பார். மலைக்கு ஓர் ஆற்றுப்படை கிடைத்துவிட்டது. ஆற்றுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

மலையே இல்லாத மடுகரையில் உட்கார்ந்துகொண்டு மலையைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு என்று கேட்கலாம். குறிஞ்சி வேறு, மருதம் வேறு என்று கட்டம் போட்டுப் படித்ததன் விளைவு அக்கேள்வி. ஆறு அந்தக் கட்டங்களை மதிப்பதில்லை. சங்கராபரணி செஞ்சி மலைப்பகுதியில் பிறந்து வீடூர் அணை கடந்து வில்லியனூர் வழியே கடலுக்கு வருகிறது. தென்பெண்ணை கர்நாடகத்து நந்தி மலைப்பகுதியில் பிறந்து, செங்கத்துக்குத் தெற்கே சாத்தனூர் அணையில் தங்கி, பிறகு நம் பக்கம் இறங்குகிறது. சொர்ணாவூர் அணைக்கட்டில் பிரியும் பங்காரு வாய்க்கால் அந்த நீரைப் பாகூர் ஏரிக்குக் கொண்டுவருகிறது. நன்னனின் மலைநாட்டு மழை பாகூரின் நெல்லாகிறது என்று சொன்னால் அது கவிதை மட்டுமன்று, நீர்ப்பாசனக் கணக்கும் ஆகும்.

அந்தக் கணக்கு 2024இல் வேறு விதமாகவும் எழுதப்பட்டது. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. மறுநாள் திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண் இறங்கி ஏழு பேர் இறந்தனர். அதற்கடுத்த நாள் விடியுமுன் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட, தென்பெண்ணைக் கரையிலுள்ள பாகூர்ப் பகுதிக் கிராமங்கள் நீரில் நின்றன. மலைக்கு நாம் போகாவிட்டாலும் மலை நம்மிடம் வந்துவிடும் என்பதை அன்று எல்லோரும் கண்டோம். அன்று மார்பளவு நீரில் நின்றவர்களில் நீந்தத் தெரிந்தவன் பிறருக்குத் துணையானான். தெரியாதவர்கள் அவனுக்காகக் காத்திருந்தார்கள். ஆகவே நீச்சல் என்பது விடுமுறைப் பொழுதுபோக்கு அன்று. ஆற்றின் கடைமடையில் வாழ்பவனுக்கு அது எழுத்தறிவைப் போன்றது.

இதற்கு ஒரு மறுப்பு வரும் என்பதை அறிவோம். தடை விதித்தால் உடனே உயிர் காக்கப்படும்; கற்பிக்கக் காலம் ஆகும் என்பார்கள். தடை, காவலர் நிற்கும் இடத்தில் மட்டுமே செல்லும். தென்பெண்ணையின் இரு கரையிலும் காவலர் நிறுத்த எந்த அரசாலும் இயலாது. எச்சரிக்கைப் பலகை மடுவின் அருகே நிற்கிறது. மடுவோ அடுத்த வெள்ளத்தில் இடம் மாறிவிடுகிறது. தைத்திங்கள் ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவில் ஊர்த் தெய்வங்களைத் தோளில் சுமந்துகொண்டு ஆற்றுக்குள் இறங்கும் மக்களிடம், ஆற்றுக்கு வராதீர்கள் என்று எப்படிச் சொல்வது?

இன்னொரு மறுப்பு நம் இலக்கிய நண்பர்களிடமிருந்து வரக்கூடும். சங்கப் பாட்டை முதலுதவிக் கையேடாக்கலாமா என்று கேட்பார்கள். மலைபடுகடாத்தின் அழகும் அதன் அக்கறையும் வேறுவேறு பொருள்கள் என்று எண்ணுவோர்க்கே அந்தக் கேள்வி எழும். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள் என்று ஒரு கவிஞன் சொல்லும்போது, அந்தப் பிள்ளையின் தலைமயிர் ஆட்டின் மயிர் போலிருப்பதையும் அவன் கண்டு சொல்கிறான். கண்டதனால்தான் அக்கறை பிறக்கிறது. அக்கறையை நீக்கிவிட்டு உவமையை மட்டும் வகுப்பில் வைத்தால், 99 மலரின் கணக்கு மட்டுமே எஞ்சும்.

செய்யத்தக்கது என்ன? பெருஞ்செலவு பிடிக்கும் நீச்சற்குளங்களைக் கேட்கவில்லை. உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021இல் உலகில் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். இந்தியாவில் ஆண்டுதோறும் 30 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இவ்வாறு இறப்பதை அரசுப் பதிவுகள் காட்டுகின்றன. பள்ளிப் பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சலும் பாதுகாப்பான மீட்பும் கற்பிப்பதை அந்நிறுவனம் வலியுறுத்துகிறது. இதனைச் செய்து காட்டியது ஒரு பணக்கார நாடன்று, வங்கதேசம். அங்கே ஊர்க் குளங்களில் மூங்கில் மேடை அமைத்து, உள்ளூர் இளைஞர்களைப் பயிற்றுநராக்கி, சிறுவர்களுக்கு உயிர்காக்கும் நீச்சலைக் கற்பித்தார்கள். கற்ற பிள்ளைகளிடையே மூழ்கி இறக்கும் வாய்ப்பு, கல்லாதவரோடு ஒப்பிட, பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியதை 2012இல் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது. கயத்தின் அருகே சிறுமூங்கிலைப் பற்றிக்கொள்ளுங்கள் என்ற புலவரின் சொல்லை, அதை ஒருபோதும் படிக்காத ஒரு மக்கள் நிறைவேற்றியிருக்கிறார்கள்.

பாகூரிலும் வில்லியனூரிலும் நெட்டப்பாக்கத்திலும் ஏரியும் குளமும் இருக்கின்றன. நீந்தத் தெரிந்த மீனவரும் உழவரும் இருக்கிறார்கள். கோடை விடுமுறையில் ஒரு மாதம், கொம்யூன் ஒன்றுக்கு ஒரு குளம், மூங்கில் மேடை, இடுப்புக்கு ஒரு கயிறு, பெண்பிள்ளைகளுக்குப் பெண் பயிற்றுநர். இவ்வளவே தொடக்கத்துக்குப் போதும். மூழ்குபவரை மீட்கக் குதிக்காதே. கழியை நீட்டு, சேலையை எறி, மூடிய வெறுங்குடத்தைத் தூக்கிப் போடு என்பதை மனப்பாடமாகச் சொல்லித் தரலாம். ஆற்றில் எங்கெங்கே பள்ளம் விழுந்திருக்கிறது என்பதை வெள்ளம் வடிந்த பின் ஆண்டுதோறும் கண்டு கழி நட்டு அடையாளம் வைப்பதும், மணல் அள்ளியவர் பள்ளத்தைச் சரித்துவிட்டுப் போகும்படி செய்வதும் கொம்யூன் பஞ்சாயத்தின் கடமை. ஊர் நாய்களுக்கு ஆண்டுக்கொருமுறை தடுப்பூசி போடுவது கால்நடை மருத்துவரின் வேலை. அவற்றைப் பிடித்துக் கொடுப்பது சோறிடும் நம் வேலை.

தமிழ் கற்பிப்போர்க்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அடுத்த ஆண்டு மலைபடுகடாம் நடத்தும்போது, கான்யாற்றுப் பகுதியை அடுத்து, தத்தம் ஊர் ஆற்றுக்கு ஓர் ஆற்றுப்படை எழுதி வரும்படி மாணவரிடம் கேட்கலாம். எந்தத் துறையில் இறங்கலாம், எங்கே வழுக்கும், எந்தத் தெருவில் எந்த நாய் கடிக்கும், எதைப் பற்றிக்கொள்ளலாம், யாரைக் கூப்பிடலாம் என்று அவர்கள் எழுதவேண்டும். எழுதுவதற்கு அவர்கள் ஆற்றங்கரைக்கு நடந்து போயாக வேண்டும். பெரியவர்களிடம் கேட்டாக வேண்டும். மாணவியரும் போகவேண்டும். அவ்வாறு எழுதிய ஏடுகளை விடுமுறைக்கு முன் ஊர்ப் பள்ளியில் படித்துக் காட்டினால், ஆற்றுக்குப் போகும் சிறுவன் காதில் குறைந்தது ஓர் இடத்தின் பெயராவது நிற்கும். அந்த இடம் வரும்போது அவன் தங்கையின் கையைப் பிடித்துக்கொள்வான்.